செட்டிங் மாத்த கர்னலை ஏன் கம்பைல் பண்ணணும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல, லினக்ஸ்ல கர்னல் (ஹார்ட்வேரையும் ப்ரோக்ராம்களையும் நடத்துற மையப் பகுதி) செட்டிங் எது மாத்தணும்னாலும் சோர்ஸை (எழுதின மூல நிரலை) இறக்கி முழுசா கம்பைல் பண்ணித்தான் (மெஷின் ஓட்டுற வடிவத்துக்கு மாத்தித்தான்) ஆகணும்னு போட்டிருந்தீங்க. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்றீங்களே! மஞ்சூர்ல எங்களுக்கு வர்ற நெட்டுல நூறு எம்பிக்கு மேல இருக்கிற சோர்ஸை இறக்கி, பழைய லேப்டாப்புல மணிக்கணக்கா ஓடவிட்டா, முடியறதுக்குள்ள கரண்ட் போயிடும்.

நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வேண்டியதை சிஸ்டம் ஓடும்போதே மாத்திக்கலாம். ப்ராக்னு ஒரு டைரக்டரி, அதுக்குள்ள சிஸ்னு ஒண்ணு, பாக்க ஃபைல் மாதிரி இருக்கும் ஆனா டிஸ்க்குல ஒண்ணும் கிடையாது, கர்னலே நேரா காட்டுறது, அங்க நம்பரை மாத்தினா அப்பவே கேட்டுக்கும்.

நான் இங்க ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். ஆடிக் காத்துல கற்பூர மரம் லைன் மேல சாஞ்சா கரண்ட் அவுட், யுபிஎஸ்ஸுக்கும் வயசாயிடுச்சு. சேவ் பண்ணதெல்லாம் உடனே டிஸ்க்குக்குப் போயிடாது, கொஞ்ச நேரம் ராம்லயே கிடக்கும் (சில ப்ரோக்ராம் தானே உடனே எழுத வச்சிடும், எல்லாம் அப்படி இல்ல). எவ்ளோ நேரம் கிடக்கலாம்கிறது டர்ட்டி எக்ஸ்பயர் சென்டிசெக்ஸ்ங்கிற அளவுல இருக்கு, ஒரு சென்டிசெக்னா செகண்டுல நூத்துல ஒரு பங்கு, வழக்கமா 3000, அதாவது 30 செகண்ட். ரூட்டா (முழு அதிகாரம் உள்ள யூசரா) போய், இந்த அளவுகளை மாத்துற சிஸ்சிடிஎல் கமாண்டுல அதை 1000 ஆக்கினேன், 10 செகண்ட் ஆயிடுச்சு, ரீஸ்டார்ட் கூட பண்ணல. டிஸ்க்குக்கு வேலை கொஞ்சம் கூடும், பரவால்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழையபடி ஆயிடும்கிறதால, இடிசி-க்குள்ள சிஸ்சிடிஎல் டாட் டி ஃபோல்டர்ல ஒரு கான்ஃப் ஃபைல்ல எழுதி வச்சுட்டேன்.

டிரைவர்னா பெரும்பாலும் மாட்யூல்தான் (ஓடுற கர்னல்ல தனியா சேத்துக்கிற துண்டு), மாட்ப்ரோப்ங்கிற கமாண்ட் போட்டா ஏறிடும். ஆன் பண்ணும்போது ஸ்க்ரீன் கருப்பா நின்னா க்ரப் மெனுல (லினக்ஸ் ஏறுறதுக்கு முன்னாடி வர்ற மெனு) இ அமுக்கி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரி கடைசில நோமோட்செட் (ஸ்க்ரீன் மோடை கர்னல் மாத்த வேண்டாம்னு சொல்றது) சேத்துப் பாக்கலாம், அந்த ஒரு தடவை ஸ்டார்ட் ஆகறதுக்கு மட்டும்தான் அது.

எல்லாமே இப்படி முடியாதுதான். டைமர் எச்இசட் (கர்னலோட டைமர் செகண்டுக்கு எத்தனை தடவை அடிக்கணும்கிறது) மாதிரி சிலது கம்பைல்லயே முடிவாயிடும். பூட் ஃபோல்டர்ல கான்ஃபிக்னு ஆரம்பிக்கிற ஃபைலைத் திறந்து பாருங்க, ஒவ்வொரு ஆப்ஷனுக்கு எதிர்லயும் எம்னு இருந்தா மாட்யூல், ஒய்னு இருந்தா கர்னல் உள்ளயே சேத்தது. இதையும் அதே பக்கத்துல போடுங்க சார், ஸ்கூல் பசங்க அதைப் பாத்துதான் லேப்டாப்பை நோண்டுறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மஞ்சூர், நீலகிரி