கண்ணியம் போனது யாரால்?

அன்புள்ள மகளுக்கு,

‘கண்ணியமற்ற’ என்ற சொல்லை எங்கே போடலாம், எங்கே கூடாது என்று கேட்டிருந்தாய். மொழிபெயர்ப்பில் அடிக்கடி இடறுகிற இடம்தான் இது.

ஒருவருடைய பேச்சையோ நடத்தையையோ குறை சொல்லும்போது தாராளமாகப் போடு. ‘கூட்டத்தில் கண்ணியமற்ற பேச்சு’ என்றால் பழி பேசியவர் மேல் போகிறது, சரி. தணித்துச் சொல்ல ‘கண்ணியக் குறைவான’ போதும். பழக்கவழக்கம் தெரியாததென்றால் ‘அநாகரிகமான’, ரசனை மட்டமென்றால் ‘கீழ்த்தரமான’. ‘மானங்கெட்ட’ வசவு, மேற்கோளுக்கு வெளியே எழுதாதே.

கண்ணியத்தை இழந்தவர் ஒருவர், பறித்தவர் வேறொருவர் என்றால்தான் சிக்கல். மறைப்புத் திரை போடாமல் வார்டில் ஒரு பாட்டிக்கு உடை மாற்றுகிறார்கள். ‘கண்ணியமற்ற நிலையில் மூதாட்டி’ என்று எழுதினால் குறை பாட்டியிடம் இருப்பதுபோல் ஆகிவிடும். ‘அற்ற’ என்பது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லும். யாரால் இல்லாமற்போனது என்று சொல்லாது. அங்கே பெயரடையை விட்டுவிட்டு வினையைப் பிடி: ‘திரை போடாமல் உடை மாற்றி அவமதித்தார்கள்.’ செய்தவர் யாரென்று தெரியாவிட்டால், ‘மூதாட்டியின் கண்ணியம் காக்கப்படவில்லை.’

சாக்கடைக்குள் ஆளை இறக்கும் செய்திகளிலும் இதே பிழைதான். ‘இழிதொழில் செய்பவர்கள்’ என்று ஒருபோதும் எழுதாதே. மனிதக் கழிவை மனிதரைக் கொண்டு அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது இறக்கியவரைத்தான். வாக்கியத்திலும் அவரே எழுவாயாக நிற்கட்டும்.

இந்த வேறுபாட்டுக்கு நம்மிடம் பழஞ்சொல்லே உண்டு: இளிவரல், அதாவது ஒருவருக்கு அவமானம் வந்து சேர்வது. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், ஒன்று. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை (எளிய நிலை) என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. நான்கில் எதுவும் அதற்கு ஆளானவர் செய்த குற்றமில்லை, பார்த்தாயா! ‘இளிவரின் வாழாத மானம் உடையார்’ (குறள் 970) என்பதிலும் இளிவு ஒருவருக்கு வந்து சேர்வதுதான். அதை எழுத்துப் பிழையென்று நினைத்து ‘இழி’ ஆக்கிவிடாதே. இழிதல் கீழே இறங்குவது. ‘தலையின் இழிந்த மயிர்’ (964) அந்தச் சொல். இளிவரலை இன்றைய நாளிதழில் போட்டால் பலருக்குப் புரியாது. நீ எழுதும்போது அந்த நான்கும் நினைவிலிருந்தால் போதும்.

உன் கட்டுரையில் ‘கண்ணியமற்ற முதுமை’ என்ற தலைப்பை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடம்மா. ‘கண்ணியம் மறுக்கப்படும் முதுமை’ என்று போடு.

அன்புடன்,
அப்பா