அப்பாவின் அரத்தூளும் அன்னபேதியும்

கோயம்புத்தூர்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தியை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது; படி ஏறும்போதுதான் இன்னும் சிரமம்.

அப்பாவின் நகைப் பட்டறைப் பெட்டியில், தங்கத்தை அராவும்போது உதிர்ந்த அரத்தூள் டப்பா கிடைத்ததாக எழுதியிருந்த பத்தியை இரண்டு முறை படித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவர் ஊதுகுழல் ஊதுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போமே! அந்தத் தூளை உன் கையாலேயே சுத்தம் செய்து பேத்திக்கு ஏதாவது செய்து போட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. மருந்துகளை எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். ஆசிட்டைக் கடைசியில் வாங்கு. நான் சொல்ல வந்ததே இதுதான்.

முதலில் உனக்கு வேண்டியது வெள்ளீயம். உங்கள் வீட்டு ஈயச்சொம்பு ரசம் வற்றி அடுப்பிலேயே உருகிப்போனதே, அதன் கட்டி இன்னும் இருந்தால் அதுவே போதும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். மிளகளவு துண்டை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் கரைத்தால் சோதனை நீர் தயார். ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் ஆசிட்டுகள் சேர்ந்து தங்கத்தைக் கரைத்த திரவத்தில் ஒரு சொட்டை மை ஒற்றும் தாளில் வைத்து, அதன் மேல் இந்த நீரில் ஒரு சொட்டு விட்டுப் பார். நாவற்பழத்தைக் கடித்த நாக்கு மாதிரி ஊதா நிறம் படரும். 17ஆம் நூற்றாண்டிலிருந்து ‘கேசியஸ் ஊதா’ என்று இதற்குப் பெயர். தங்கம் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று இந்தச் சொட்டுதான் சொல்லும். இது இல்லாமல் தொடங்குகிறவர்கள் தங்கத்தைச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். சோதனை நீர் நாளாக நாளாக வலுவிழக்கும். அவ்வப்போது புதிதாகச் செய்துகொள்.

அடுத்தது அன்னபேதி. கரைந்த தங்கத்தைத் தூளாகக் கீழே இறக்குவது இதுதான். நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். உரக்கடையில் இதையே பெரஸ் சல்பேட் என்று விற்கிறார்கள். படிகம் வெளிர்பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. மஞ்சளோ பழுப்போ பூத்திருந்தால் காற்றுப்பட்டுக் கெட்டது, வேலைக்கு ஆகாது. கணக்குப்படி 1 கிராம் தங்கத்துக்கு ஏறக்குறைய 4.2 கிராம் போதும். கூடுதலாகவே போட வேண்டியிருக்கும். சோடியம் மெட்டாபைசல்பைட்டும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் நெடி மூச்சை அடைக்கும். தாமிரம் கலந்த கரைசலில் அன்னபேதி தங்கத்தை மட்டும் இறக்குவதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வாங்கப் போய்க் குளியலறை கழுவும் ஆசிட்டை வாங்கி வந்துவிடாதே. அது நீர்த்தது, சாயமும் வாசனையும் கலந்தது. ஆய்வக ரசாயனம் விற்கும் கடையில் செறிவு அச்சிட்ட லேபிளுடன் வாங்கு. கிணற்று நீரில் உப்பு இருக்கும் என்பதால் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்து.

நைட்ரிக் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். தொடங்கிய புதிதில், ஒரு கடையில் லேபிள் இல்லாத கேனில் ‘சுத்தச் சரக்கு’ என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி வந்தேன். 1 பங்கு தங்கத்துக்கு 3 பங்கு வெள்ளி சேர்த்து உருக்கித் தகடாக்கி அதில் போட்டேன். வெள்ளி கரைந்து, தங்கம் மட்டும் மிஞ்சி, நீர் தெளிவாக நிற்க வேண்டும். ஆனால் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளுத்தது. தகட்டின் மேல் வெண்படலம் மூடி, கரைவதே நின்றுவிட்டது. அந்த நைட்ரிக்கில் குளோரைடு கலந்திருந்தது; அது வெள்ளியோடு சேர்ந்தால் கரையாத வெண்பொடியாகிவிடும். இப்போதெல்லாம் புதுப் பாட்டிலில் சில சொட்டை நீர்த்து, ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு, பால்நிறம் வராவிட்டால்தான் வேலையில் இறங்குகிறேன்.

2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது உனக்கு நினைவிருக்கும். அடையாள அட்டையைக் காட்டு, எதற்கு என்று கேட்டால் உள்ளதைச் சொல், பதிவேட்டில் எழுதட்டும், பில் வாங்கிக்கொள். பதிவேடு இல்லாமல் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிற கடையில் கால் வைக்காதே. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை; அங்கே வாங்குவது என்ன சரக்கு என்று உனக்கே தெரியாது.

இன்னும் இரண்டு விஷயங்கள். டப்பாவில் கேடிஎம் பற்று வைத்த துண்டுகள் இருக்கலாம். கேடிஎம் என்றால் காட்மியம். அதை உருக்கும்போது எழும் புகை நுரையீரலை அரித்துவிடும். ஆகவே எதையும் உருக்கும் மூசையில் போடாதே. தூளில் காந்தத்தை ஓட்டி அரத்தின் இரும்பை மட்டும் பிரித்து வை. மொட்டைமாடி அறையில் செய்யலாமா என்று கேட்டாய். கூடவே கூடாது. நைட்ரிக் கிளப்பும் செம்பழுப்புப் புகையைச் சுவாசித்தால் அப்போது இருமல் மட்டும் வரும். பல மணி நேரம் கழித்துத்தான் மூச்சு திணறும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்த பாட்டிலே இருக்கக் கூடாது.

குழந்தையும் மருமகளும் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்று எழுது. அதன் பிறகு நான் வருகிறேன். ஆசிட்டை நாம் இருவரும் சேர்ந்தே போய் வாங்குவோம். அதற்குள் ஈயக்கட்டியைத் தேடி வை. கொல்லையில் கிணற்றடியிலிருந்து தள்ளி, காற்று நன்றாக வீசும் இடமாகப் பார்த்து ஒரு மேசை போட்டு வை.

அன்புடன்,
கணேசன்