செலவில் பாதி நம்முடையது

அன்பு மகன் தம்பிக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. நீ வாட்ஸாப்பில் அனுப்பிய கல்யாணச் செலவுப் பட்டியலைப் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா, ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய்.

பட்டியல் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறாய். ஒவ்வொரு செலவுக்கும் எதிரில் தொகை, கடைசிக் கட்டத்தில் அது யார் செலவு என்று. மண்டபத்துக்கு நேராகப் 'பெண் வீடு'. சாப்பாட்டுக்கு நேராகப் 'பெண் வீடு'. மேடை அலங்காரம், மேளம், அதற்கும் அவர்களே. நம் பக்கம் கூறைப்புடவை, தாலி, அப்புறம் ஓசூரில் நீ வைக்கப்போகிற ரிசப்ஷன். ஊர் வழக்கம் இதுதான், நீயாக எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. இருந்தாலும் எனக்கு அந்தக் கடைசிக் கட்டம் பிடிக்கவில்லை. கல்யாணச் செலவு பாதிப் பாதி என்று மாற்று. பாதி கொடுக்க நம்மால் எவ்வளவு முடியுமோ அந்த அளவுக்குக் கல்யாணத்தைச் சுருக்கு.

"அவங்களே ஆசையா செய்யறேன்னு சொல்றாங்கம்மா" என்பாய். எப்படிச் சொன்னார்கள் என்று நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஒப்புத் தாம்பூலம் மாற்றி நிச்சயம் செய்த அன்று உன் பெரியப்பா சபையில் என்ன சொன்னார்? "நாங்க எதுவும் கேக்கலை, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க." எவ்வளவு பெருந்தன்மை! இந்த ஒரு வாக்கியம் எத்தனை வீட்டை அடமானத்துக்கு அனுப்பியிருக்கிறது தெரியுமா? இவ்வளவு வேண்டும் என்று கேட்டாலாவது பேரம் பேசலாம். கேட்கவில்லை என்று சொன்னால், கௌரவம் உள்ள மனிதன் தானாகவே தன் சக்திக்கு மேல் ஒரு எண்ணைச் சொல்வான். சம்பந்தியும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "20 பவுன் போட்டுடறோம்" என்றார். அவர் சம்சாரம் சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். வீட்டில் பேசி முடிவு செய்து வந்த எண் அது இல்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவர். இன்னொரு பெண் கல்லூரியில் படிக்கிறாள். பவுன் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று விற்கிற காலத்தில், கையில் இருக்கும் ஒன்பது போக மீதி பதினொன்றை எங்கிருந்து கொண்டு வருவார்? அதற்கு மேல் செய்கூலி, சேதாரம், 3 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். ஆனால் கேட்காமல் பிரியப்பட்டுக் கொடுக்கிற சீருக்கு அதில் விலக்கு உண்டு, பட்டியலாக எழுதி வைக்க வேண்டும், கொடுப்பவர் சக்திக்கு மீறியும் இருக்கக் கூடாது. உன் பெரியப்பா சட்டம் படித்ததில்லை, ஆனால் அந்த விலக்கு மட்டும் அத்துப்படி. நீ சம்பந்தியிடம் நேராகப் பேசு: இருக்கிற ஒன்பது பவுன் அவள் நகை, அது அவளிடமே இருக்கட்டும், புதிதாக ஒரு கிராம் வாங்க வேண்டாம் என்று. நான் சொன்னால் மாமியார் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்று ஆகும். மாப்பிள்ளை சொன்னால் அவர் நம்புவார்.

இத்தனை வருஷமாக ரவிக்கை தைக்கிறேன், அளவு கொடுக்க வருகிற பெண்கள் பேசாத கல்யாணக் கதை இல்லை. ஆனாலும் உன் சின்ன அத்தை மகள் கல்யாணத்துக்கு மறுநாள் காலை நான் பார்த்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். நீ முதல் நாள் இரவே பஸ் ஏறிவிட்டாய். காலை ஏழு மணிக்கு மண்டப மேனேஜர் ஒரு நீள நோட்டோடு வந்து உட்கார்ந்தார். மண்டப வாடகை முன்பே கட்டியாகிவிட்டது, இது பாக்கிக் கணக்கு. மீட்டரில் ஏறிய யூனிட்டுக்கு இவ்வளவு. ஜெனரேட்டர் ஓடிய மணிக்கு டீசல் இவ்வளவு. துப்புரவு, குப்பை அள்ள, இலை எடுக்க, வாட்ச்மேன் இனாம். நாற்காலி இரண்டு உடைந்திருக்கிறது. கரண்டி எட்டு குறைகிறது. மாமா முதல் நாள் கட்டிய பட்டு வேட்டியோடவே உட்கார்ந்திருந்தார், இரவு தூங்கினதாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அப்புறம் மடியிலிருந்து மஞ்சள் பையை எடுத்து, பிரிக்காத மொய்க் கவர்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, நூறும் ஐந்நூறுமாக எண்ணி அந்த நோட்டின் மேல் வைத்தார். கவரில் இருந்த பெயரை மொய் நோட்டில் குறித்துக்கொள்ளக்கூட நேரம் இல்லை. அத்தைதான் பக்கத்தில் நின்று கிழிந்த கவர்களைப் பொறுக்கி அடுக்கினாள், யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பிறகு பார்க்க. மாப்பிள்ளை வீட்டார் அந்த நேரம் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். அவர்களும் எதுவும் கேட்கவில்லை.

மொய் என்றதும் ஞாபகம் வருகிறது. உன் பட்டியலில் 'வரவு' என்று ஒரு வரி போட்டு மொய் ஒரு லட்சம் என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. மொய் வரவு இல்லை, வட்டியில்லாக் கடன். இந்தப் பக்கம் பேராவூரணி, கீரமங்கலம் ஊர்களில் மொய் விருந்து என்றே தனியாக வைக்கிறார்கள், திருப்பிச் செய்யாவிட்டால் அங்கே தலைகாட்ட முடியாது. நமக்கு வருகிறதில் பாதி, அப்பா ஏற்கெனவே செய்தது திரும்புவது. மீதியை இனிமேல் நாம் செய்ய வேண்டும். பெண் வீட்டு மொய் பெண் வீட்டுக்கே. அதில் நமக்குப் பேச்சே கிடையாது.

சரி, செலவுக்கு வருகிறேன். நீ தை மாதம், ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கிறாய். அந்த மூன்றும் சேர்ந்த நாளுக்கு ஊரில் இருக்கிற எல்லோரும் முட்டுகிறார்கள். மண்டபக்காரர் சொன்னதுதான் விலை. பனிக்காலத்தில் மல்லிகை விளைச்சல் பாதியாகிவிடும், முகூர்த்த நாளில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், வாழை இலைக் கட்டுக்கும் அன்று தனி விலை. நம் ஜோசியரிடம் கேட்டேன். தேய்பிறையில் பஞ்சமி வரை வளர்பிறை மாதிரிதான் என்று சொல்லி ஆவணியில் ஒரு புதன்கிழமை குறித்துக் கொடுத்திருக்கிறார். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், நமக்கு மலிவாகவே கிடைக்கிறது. வார நாள் என்றால் உன் ஆபீஸ் ஆட்கள் வரமாட்டார்கள் என்று முகம் சுளிக்காதே. வர வேண்டியவன் லீவு போட்டு வருவான்.

தாலி கட்டுவது திருநாகேஸ்வரம் உப்பிலியப்பன் கோயிலில். அந்தப் பெருமாள் கதை உனக்குத் தெரியும். பூமாதேவிக்கு உப்புப் போட்டுச் சமைக்கவே தெரியாது, சின்னப் பெண் என்று அவளை வளர்த்த மார்க்கண்டேயர் தயங்க, உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று மாமனாருக்கு வாக்குக் கொடுத்தவர் அவர். இன்றைக்கும் அங்கே நைவேத்தியத்தில் உப்பு கிடையாது. மாப்பிள்ளை என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று பெரியப்பாவிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன். அப்பாதான் வேண்டாம் என்கிறார். கோயில் ஆபீஸில் இரண்டு பேருடைய ஆதார், வயதுச் சான்று எல்லாம் கேட்பார்கள், எடுத்து வை. கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் ஆபீஸில் பதிய வேண்டும். அதை நீங்கள் ஓசூர் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடலாம்.

சாப்பாட்டுக்குத் திருநாகேஸ்வரத்திலேயே ஒரு சின்ன மண்டபம் பார்த்துவிட்டோம். மின்சாரம், துப்புரவு, டீசல் எல்லாம் சேர்த்து 50 ஆயிரம் என்று எழுதி வாங்கியாகிவிட்டது, மறுநாள் காலையில் நீள நோட்டு வராது. மதியம் 250 இலை, இலைக்கு 220. காலை டிபன் 120 பேருக்கு 110. முதல் நாள் இரவு இரு வீட்டாரும் மட்டும் 80 பேர், 120. மொத்தம் 77,800. இருபத்தொரு வகை வேண்டாம் என்று சமையல்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். பந்தியில் பரிமாறுகிற வேகத்தில் பதினைந்தாவது வகைக்குப் பிறகு எது எதோடு கலந்தது என்று யாருக்கும் தெரியாது, அத்தனையும் இலையோடு மடங்கிப் போகிறது. வத்தக்குழம்பும் பால் பாயசமும் குறையக் கூடாது, அவ்வளவுதான்.

250 பேர் என்றால் யாரை விடுவது என்று அப்பா இரண்டு நாளாக மொய் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அது அவர் தலைவலி.

நாதஸ்வரத்தை மட்டும் குறைக்காதே. நீ எழுதியிருக்கிறாய், 'மேளம் – ஸ்பீக்கர் போதும்' என்று. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து ஊருக்கெல்லாம் நாதஸ்வரம் செய்து கொடுக்கிற மண்ணில் இருந்துகொண்டு, கெட்டிமேளத்தைப் பென் டிரைவில் போடுவதா? ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், சுருதிக்கு ஒத்து. 20 ஆயிரத்துக்குப் பேசியிருக்கிறேன். அதற்குப் பதில் டிரோன் கேமராவை எடுத்துவிடு, கல்யாணத்துக்கு முன்பே வயல் வரப்பில் ஓடி எடுக்கிற அந்தப் போட்டோ ஷூட்டையும். கூறைப்புடவை திருபுவனம் பட்டு சொசைட்டியில் எடுக்கலாம், ஜரிகைக்கு அங்கே நம்பிப் பணம் கொடுக்கலாம். தாலிக்கொடிக்கு என்னுடைய பழைய சங்கிலியை அழிக்கிறேன். புதிதாகச் செய்து வரும்போது ஆறு எழுத்து ஹால்மார்க் எண் இருக்கிறதா என்று நீ பார்த்து வாங்கு, எனக்கு அந்தப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும், பூ, போட்டோ, பத்திரிகை, வண்டி, கைமீறல் எல்லாம் சேர்ந்து 2 லட்சத்து 50 ஆயிரத்துக்குள் அடங்கும். ஒரு வீட்டுக்கு 1 லட்சத்து 25 ஆயிரம். நம்மிடம் சீட்டு எடுத்த பணம் இருக்கிறது. புடவைக்கும் தாலி வேலைக்கும் உன் சேமிப்பு போதும்.

மிச்சம் உன் ரிசப்ஷன். அதற்கு 3 லட்சம் பர்சனல் லோன் என்கிறாய். 14 சதவீதத்தில் மூன்று வருஷம் என்றால் மாதம் 10,250க்குக் கொஞ்சம் மேல் கட்ட வேண்டும், முடிக்கும்போது வட்டி மட்டும் 69 ஆயிரம். அந்தப் பெண் உன்னோடு வந்து குடித்தனம் தொடங்குகிற முதல் மாதமே அந்தத் தவணையும் வீட்டுக்குள் வந்துவிடும். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடு. சந்தோஷமாகத்தான் சாப்பிடுவார்கள். மேடை, பூ வளைவு, வரிசையில் நின்று கைகுலுக்கல் எதுவும் இல்லையே என்று ஒருவனும் ஏங்கப் போவதில்லை. அவளிடமும் ஒரு வார்த்தை கேள், எனக்கென்னவோ அவளும் இதைத்தான் சொல்வாள் என்று தோன்றுகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி மண்டபம் பார்க்க மன்னார்குடியிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் நீ அவருக்குப் போன் செய்துவிடு. பாதி என்று சொல்லும்போது "உதவி" என்று மட்டும் சொல்லிவிடாதே, அவருக்குச் சுருக்கென்று இருக்கும். எங்கள் வீட்டுக் கல்யாணமும்தானே என்று சொல். முதலில் மறுப்பார். "அம்மா அட்வான்ஸ் கொடுத்துட்டாங்க" என்று என் தலையில் போட்டுவிடு, உண்மையும் அதுதான், நேற்றே 10 ஆயிரம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன்.

அவர் வரும்போது பெண்ணுடைய அளவு ரவிக்கை ஒன்று கொடுத்தனுப்பச் சொல். கை நீளம் எவ்வளவு, பின்பக்கம் நாடா வேண்டுமா வேண்டாமா என்று அவளையே எனக்குப் போன் பண்ணச் சொல், உன்னிடம் கேட்டால் ஏதாவது உளறுவாய்.

அன்புடன்,
அம்மா