பத்து நொடி மருந்து

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலம். நர்ஸ் வேலையில் உன்னை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருப்பதாகவும், மற்ற ஊசிகளைப் போட அஞ்சாத உனக்கு, திடீரென்று தறிகெட்டு வேகமாகத் துடிக்கும் இதயத்தைச் சீராக்கும் அடினோசின் ஊசி என்றால் மட்டும் கை நடுங்குவதாகவும் போனில் சொன்னாய். அந்தப் பயம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது மருந்தைத் தள்ளும் நொடியில் வராமல், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் வந்து உன் ஏற்பாடுகளைச் சரிபார்க்க வேண்டும். இதயப் பிரிவில் நான் வேலை செய்த காலத்தில் பார்த்தவரையில், இந்த மருந்து பலிக்காமல் போனதற்குப் பெரும்பாலும் ஏற்பாட்டில் இருந்த குறைதான் காரணம்.

உடலுக்குள் போனதும் ரத்த அணுக்கள் முதலியவை இதை உறிஞ்சிச் சிதைத்துவிடுவதால், இதன் அரை ஆயுள், அதாவது மருந்தில் பாதி தீர்ந்துபோகும் நேரம், பத்து நொடிக்கும் குறைவு. அதற்குள் அது இதயத்தை அடைந்து, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்துடிப்பைக் கடத்தும் ஏ.வி. கணுவைச் சில நொடிகள் அடைத்து, அங்கே சுற்றிச் சுற்றி ஓடி இதயத்தை 180, 200 என்று துடிக்க வைக்கும் மின்னோட்டத்தை அறுக்க வேண்டும். புறங்கையின் மெல்லிய சிரையில் போட்டால் மருந்து வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில், பச்சை வென்ஃப்ளான் (சிரையில் செருகும் ஊசிக்குழாய்) போடு. அது ஏறவில்லையென்றால் அதைவிட மெல்லிய ரோஸ் நிறத்தது போதும். முதலில் சலைன் செலுத்தி, வீக்கமில்லாமல் தடையின்றிப் போகிறதா என்று பார்த்துக்கொள். த்ரீ-வே என்னும் மூவழித் திருகின் ஒரு வாயில் மருந்து சிரிஞ்சும் மற்றொன்றில் 20 மில்லி சலைனும் தயாராக இருக்க வேண்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் குழாய் வேண்டாம். ஒன்றிரண்டு நொடியில் மருந்தைத் தள்ளியவுடன், இடைவெளியே விடாமல் சலைனையும் வேகமாகத் தள்ளிவிட்டு, நோயாளியின் கையை உயர்த்திப் பிடி.

பெரியவர்களுக்கு முதலில் 6 மில்லிகிராம்; ஓரிரு நிமிடத்தில் துடிப்பு மாறாவிட்டால் 12, தேவைப்பட்டால் இன்னொரு முறை 12. கழுத்து வழியாக மையச் சிரைக் குழாய் உள்ளவருக்கும், ரத்தம் உறையாமலிருக்க டைபிரிடமோல் அல்லது வலிப்புக்குக் கார்பமசெபைன் சாப்பிடுபவருக்கும், மாற்று இதயம் பொருத்தப்பட்டவருக்கும் 3 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று நீயாகக் கேட்காவிட்டால், அந்தப் பதற்றத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அளவை முடிவு செய்பவர் டாக்டர்தான் என்றாலும், அவருக்கு வேண்டிய விவரத்தைச் சேகரித்துக் கொடுப்பது உன் வேலை.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு கேள்விகள் கேள். ஆஸ்துமா உண்டா என்பது முதலாவது, ஏனெனில் இந்த மருந்து மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும். வீசிங் என்று அருகிலுள்ள கிளினிக்கில் டெரிஃபிலின் ஊசி போட்டுக்கொண்டு, அதன்பின் படபடப்போடு உங்களிடம் வருபவர்கள் நம் ஊர்ப்பக்கம் உண்டு. டெரிஃபிலினில் உள்ள தியோஃபிலின், அடினோசின் வேலை செய்யும் இடத்தையே மறித்துக்கொள்வதால் ஊசி பலிக்காது. இரண்டாவது கேள்வி காபி. டிகாஷன் காபியில் உள்ள கஃபீனும் அதையே செய்யும். எப்போது குடித்தார் என்று கேட்டுக் குறித்து வை; சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஈ.சி.ஜி.யைப் பார்க்கும்போது துடிப்புகளுக்கிடையே இடைவெளி சமமாக இருக்கிறதா என்று கவனி. துடிப்பு ஒழுங்கற்று, கீழறைத் துடிப்பைக் காட்டும் க்யூ.ஆர்.எஸ். அலை அகலமாகவும் இருந்தால், பிறவியிலேயே கூடுதல் மின்பாதை உள்ள இதயத்தில் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் அட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்திருக்கலாம்; அங்கே அடினோசின் கொடுத்தால் கீழறைகள் வெறுமனே நடுங்கும், உயிருக்கே ஆபத்தான வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனாக மாறக்கூடும். "டாக்டர், ரிதம் ஒழுங்காக இல்லையே" என்று சொல்லத் தயங்காதே. சரியான நோயாளிக்குக் கொடுக்கும்போதும் மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் கட்டிலருகே தயாராக இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் சரிந்து நினைவு மங்குகிறவருக்கு, இதயத் துடிப்போடு ஒத்திசைத்த மின்னதிர்ச்சிதான் பொதுவாக முதல் வழி.

நிலைமை சீராக இருந்தால் ஊசிக்கு முன், மூச்சை அழுத்தி ஊதித் துடிப்பைக் குறைக்கும் வால்சால்வா முயற்சியைச் செய்யச் சொல்வார்கள். சாய்ந்து உட்கார்ந்து 15 நொடி சிரிஞ்சுக்குள் ஊதச் செய்து, உடனே படுக்கவைத்துக் கால்களை 45 பாகை தூக்கிப் பிடிக்கும் முறையை இங்கிலாந்தில் 428 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். அதில் 43 சதவீதத்தினருக்கும், கால் தூக்காத பழைய முறையில் 17 சதவீதத்தினருக்கும் துடிப்பு சீரானது. செலவில்லாத இந்த வழியை அரைகுறையாகச் செய்துவிட்டு ஊசிக்குத் தாவுவது எனக்குப் பிடிப்பதில்லை.

நோயாளியிடம் பேசாமல் மட்டும் இந்த ஊசியைப் போடாதே. நெஞ்சு அழுந்தும், முகம் சூடேறும், மூச்சு முட்டும், உயிரே போய்விடுவதுபோலத் தோன்றும், ஆனால் அரை நிமிடத்துக்குள் எல்லாம் விலகிவிடும், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. சொல்லாமல் போட்டால், இரண்டாவது டோஸுக்குக் கையை நீட்டவே மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. மானிட்டரில் சில நொடிகள் நேர்கோடு ஓடும் என்பதை உறவினருக்கும் சொல், அல்லது திரையை அவர்கள் பார்வையிலிருந்து திருப்பிவை. அந்த நொடிகளில் ஈ.சி.ஜி. தாள் ஓடிக்கொண்டே இருக்கட்டும். துடிப்பு மாறாவிட்டாலும், அந்த இடைவெளியில் ஒளிந்திருந்த ஃப்ளட்டர் அலைகள் (மேலறை மிக வேகமாகத் துடிப்பதன் அடையாளம்) தெரிந்தால், நோய் இன்னதென்று டாக்டருக்குப் புரிந்துவிடும்.

அட்ரினலின், அட்ரோபின், அமியோடரோன், அடினோசின் ஆகிய நான்கும் ஒரே ட்ராலியில்தான் இருக்கும். லேபிளை வாய்விட்டுப் படித்து, இன்னொருவரையும் படிக்கச் சொல்லி, சிரிஞ்சில் பெயரை ஒட்டு. ஃபிரிட்ஜில் வைத்தால் அடினோசின் படிகமாகிவிடும். அறை வெப்பத்தில்தான் வைக்க வேண்டும்.

நாளை டூட்டிக்குப் போனதும் உங்கள் ட்ராலியில் 20 மில்லி சிரிஞ்சும் த்ரீ-வேயும் இருக்கின்றனவா என்று பார். இல்லையென்றால் அன்றே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி ஸ்டோருக்கு இண்டென்ட் எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா