பெயர்களைக் காத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

திஸ்கி, தாப், தாம் போன்ற பழைய குறியேற்றங்களில் (கணினியில் எழுத்துகளைப் பதியும் முறைகளில்) கிடக்கும் தமிழ் உரைகளை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் எங்கள் கட்டற்ற மென்பொருள், நிரலின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டுக்கு இந்த மாதம் முழுமையாக வந்துவிட்டது. நிரலைத் தொகுத்து ஓடும் மென்பொருளாக்க உதவும் கருவியிலும், ஆட்டோடூல்ஸை விட்டு மெசானுக்கு மாறிவிட்டோம். பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் எதுவும் கண்ணில் படாது. உழைத்தவர்களின் கையும் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி வேளச்சேரி அண்ணனுக்கும் அண்ணிக்கும். கிட்டுக்கு முன் நாங்கள் மாற்ற வரலாற்றைப் பதிந்துவந்த சப்வெர்ஷனின் வழங்கி (சர்வர்) அவர்கள் வீட்டுத் தரைத்தளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. சப்வெர்ஷனில் வரலாறு முழுவதும் வழங்கியில்தான் இருக்கும். எங்கள் கணினிகளில் இருந்தவை அன்றன்றைய நிரல்கள் மட்டுமே. 2015 டிசம்பர் வெள்ளம் தெருவுக்குள் புகுந்தபோது, இருவரும் அந்தப் பெட்டியை மாடிக்கு ஏற்றிய பிறகுதான் அரிசி மூட்டையைத் தூக்கினார்கள். இன்று கிட் களஞ்சியத்தைப் படியெடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் போய்ச் சேர்கிறது. இப்படிப் பகிர்ந்து கொடுக்க எங்களிடம் ஒரு வரலாறு எஞ்சியிருப்பதே அவர்கள் இருவரால்தான்.

மாறலாம் என்று முடிவானதும், இப்போதைய நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. தரமணியில் பணிபுரியும் பொறியாளர் தம்பி ஒருவர்தான் விடாப்பிடியாக மறுத்தார். அவர் சொன்னது முற்றிலும் சரி. திஸ்கியில் 'கெ' என்று எழுதினால் கொம்பு முதலிலும் ககரம் பின்னாலும் பதிவாகும். ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு பின்னால். இத்தகைய இடமாற்ற விதிகளை எந்த வரிசையில் செயல்படுத்த வேண்டும், ஒன்றை முன்னே நகர்த்தினால் எந்தச் சொல் சிதையும் என்பதையெல்லாம் முன்னோடிகள் நிரலில் எழுதவில்லை. ஒவ்வொரு கமிட்டின் (பதிவு செய்த மாற்றத்தின்) குறிப்பிலும் எழுதி வைத்திருந்தார்கள். வரலாற்றை விட்டிருந்தால் அந்த அறிவும் போயிருக்கும்.

ஆனால் அந்தக் குறிப்புகளைப் படிக்க முடிந்தால்தானே! சப்வெர்ஷனுக்கும் முன்பு நாங்கள் பயன்படுத்திய சிவிஎஸ் காலத்தில் பலர் குறிப்புகளைத் திஸ்கியிலேயே எழுதியிருந்தார்கள். பிற்பாடு சப்வெர்ஷனுக்கு மாற்றியபோது அவை லத்தீன் எழுத்துகளாகக் கருதப்பட்டு, புரியாத குறிகளாகிவிட்டன. கிண்டியில் படிக்கும் மாணவி ஒருவர் அவற்றை முதலில் பழைய பைட்டுகளாகத் திருப்பி, பிறகு குறியேற்றம் மாற்றும் ஐகான்வ் கொண்டு தமிழாக்கினார். குனு சி நூலகத்தின் ஐகான்வுக்குத் திஸ்கி தெரியும். அதற்குத் தெரியாத தாப், தாம் குறிப்புகளை எங்கள் மென்பொருளே மாற்றிக் கொடுத்தது. மென்பொருள் தன் பிறப்புக் குறிப்பைத் தானே வாசித்த அந்த மாலையை நாங்கள் யாரும் மறக்கமாட்டோம்.

சிவிஎஸ் ஒவ்வொரு கோப்பின் மாற்றத்தையும் தனித்தனியே பதியும். ஒரே ஆள், ஒரே குறிப்பு, அடுத்தடுத்த நேரம் என்று பார்த்துத்தான் அவற்றை ஒரு கமிட்டாகச் சேர்க்க வேண்டும். 2020 ஜனவரியில் ஜிசிசி தொகுப்பி கிட்டுக்கு மாறப் பயன்பட்ட ரெபோசர்ஜன் கருவிதான் எங்களுக்கும் கைகொடுத்தது. அதை எழுதிய எரிக் ரேமண்டுக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் சென்னையிலிருந்து எங்கள் வணக்கம்.

மயிலாப்பூர் ஐயாவை என்ன சொல்லிப் பாராட்டுவது? சப்வெர்ஷனில் இருப்பது புகுபதிகைப் பெயர் மட்டும்; கிட்டுக்கு முழுப்பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், மூன்றெழுத்து, நான்கெழுத்துப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைத் தேடிக் கோவைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் தொலைபேசியில் பேசினார். ஒருவர் காலமாகியிருந்தார். அப்பா நிரல் எழுதியதே தெரியாதிருந்த அவருடைய மகள், தலைப்பெழுத்துடன் தமிழிலேயே பெயரைப் போடச் சொன்னார். அப்படியே போட்டிருக்கிறோம். அம்மா, உங்கள் அனுமதிக்கும் கனிவுக்கும் நன்றி.

மெசானுக்கு மாறிய வேலையைச் செய்தவர் அம்பத்தூர்த் தம்பி. ஆட்டோடூல்ஸுக்காக எம்4 என்னும் மொழியில் எழுதிய நிரல்களை எங்களில் ஓரிருவரைத் தவிர யாரும் தொடத் துணியவில்லை. விண்டோஸ் வைத்திருக்கும் மாணவர்களோ நிரலைத் தொகுப்பதற்குள்ளேயே சோர்ந்துபோனார்கள். கணினியில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று பார்க்கும் பழைய சோதனைகளை அவர் ஒவ்வொன்றாகப் படித்து, இன்றைக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்தார். லினக்ஸில் சி நூலகத்துக்குள்ளும் வேறு இயங்குதளங்களில் தனி நூலகமாகவும் இருக்கும் ஐகான்வைக் கண்டுபிடிக்க, மெசானில் ஒரே வரி போதுமாயிற்று. ஒவ்வொரு மாற்றத்தையும் தன் பள்ளிக்காலத்து அரசு மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகே எங்களுக்கு அனுப்பினார். அந்தக் கணினியில் ஓடினால் தமிழ்நாட்டின் எந்த மாணவருக்கும் ஓடும் என்பது அவர் கணக்கு. அந்த அக்கறையை நான் தலைவணங்கி ஏற்கிறேன்.

பழைய வழங்கி பொங்கல் வரை வாசிப்பதற்கு மட்டும் திறந்திருக்கும். களஞ்சியத்தில் உங்கள் பெயரோ உங்கள் வீட்டுப் பெரியவர் பெயரோ தவறாக இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். பெயர்த் திருத்தங்களைக் கிட்டுக்குச் சொல்லும் மெயில்மேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், வரலாற்றைக் கலைக்காமலே திருத்திவிடலாம்.

நன்றியுடன்,
பராமரிப்பாளர்கள் சார்பில்,
சென்னை