போஸ்டருக்கு எந்தப் படம்?

அன்புள்ள தோழிக்கு,

நான் நலம், அம்மாவும் நலம். உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதுதான் உண்மை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. நீ வார்டு தேர்தலுக்கு வேட்புமனு கொடுப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஊர்க்கதை. ஒட்டகச்சிவிங்கிக்கு இரண்டாவது பேரன் பிறந்திருக்கிறான், உயரம் இப்போதே தெரிகிறதாம். கணக்கு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். எண்பது ஆகிவிட்டது. எதிரில் நிற்பவள் நான், அவர் விசாரித்ததெல்லாம் உன்னைத்தான். அந்த மூன்றாவது ஜன்னல் விஷயம் இன்றுவரை அவருக்குத் தெரியாது. நீயும் வாயைத் திறக்காதே, ஓட்டுப் போய்விடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "அக்கா, போஸ்டர்ல நீங்க சிரிக்கலைன்னா ஓட்டு விழாது" என்று கூட இருக்கும் பையன்கள் நச்சரிப்பதாக எழுதியிருந்தாய். அண்ணன் போய்ப் பத்து மாதம்கூட ஆகவில்லை, எப்படிடி பல்லைக் காட்டுவது என்றும் கேட்டிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தவள்தான் நான்.

அம்மாவுக்கு இப்போது காது அநேகமாகக் கேட்பதில்லை. மெஷினை மாட்டிவிட்டால் இரைகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறாள். அதனால் டிவி பார்ப்பதெல்லாம் சத்தமில்லாமல்தான். இத்தனை தேர்தல் பேச்சுகளையும் ஒரு சொல்கூடக் கேட்காமல், முகங்களாகவே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ஒருவர் வாய்கொள்ளாச் சிரிப்போடு கையாட்டிக்கொண்டு போனார். "இவன் சந்தோஷமாத்தான் இருக்கான். ஆனா நம்மளப் பார்த்து வந்த சந்தோஷம் இல்ல அது" என்றாள். அடுத்து வந்தவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "இவனுக்கு மனசுல ஏதோ கவலை. ஆனாலும் அந்தக் கிழவி பேசறப்போ எப்படிக் கேட்கிறான் பாரு" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒருவர் சந்தோஷமாக இருக்கிறாரா இல்லையா என்று மட்டுமே நாம் இத்தனை நாள் பார்த்திருக்கிறோம். எதனால் சந்தோஷம் என்பதை அம்மா பார்க்கிறாள்.

அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். எல்லாவற்றையும் உன் தலையில் கொட்டப்போகிறேன், பொறுத்துக்கொள். ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணிவரை நீ எனக்குச் சதுரங்கம் விளக்கியதற்கு இது பதில்.

உன் பையன்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1932 அதிபர் தேர்தலின்போது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வேலையில்லாமல் இருந்தார்கள். பதவியிலிருந்த ஹூவர் இறுகிய முகத்தோடு வந்தார். எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட்டோ நிமிர்ந்த தலையும் விரிந்த சிரிப்புமாக வந்து 48 மாநிலங்களில் 42ஐ அள்ளிக்கொண்டார். அந்த நாட்டின் அதிபர் வேட்பாளர்கள் கட்சி மாநாட்டில் பேசிய பேச்சுகளை இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜூலோ, செலிக்மன் என்று பெயர். 1900 முதல் 1984 வரை நடந்த 22 தேர்தல்களில் 18இல், கெட்டதையே நினைத்து அதிகமாக அசைபோட்டவர் தோற்றிருக்கிறார். ஆனால் அவர்கள் அளந்தது முகத்தை அல்ல, பேச்சை. கஷ்டத்தைச் சொன்ன பிறகு வழியையும் சொன்னாரா, அதிலேயே சுற்றிச் சுற்றி வந்தாரா என்பதை. இந்த வித்தியாசத்தைப் பையன்களுக்கு எடுத்துச் சொல். இன்னொன்றும் இருக்கிறது. ஜெயிக்கப்போகிறோம் என்று தெரிந்தவனுக்குச் சிரிப்புத் தானாக வரும். சிரித்ததால் ஜெயித்தானா, ஜெயிக்கப்போவதால் சிரித்தானா என்று அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிட முடியாது.

இதற்கு நேர் எதிரான கதை, அதே நாட்டில் அதிபர் பதவிக்கு நின்ற ஹம்ப்ரியுடையது. 1968 ஏப்ரலில் "மகிழ்ச்சியின் அரசியல்" என்று சொல்லிக் களத்தில் இறங்கினார். இயல்பாகவே கலகலப்பான மனிதர், நடிப்பு இல்லை. ஆனால் அதே மாதம்தான் மார்ட்டின் லூதர் கிங்கைக் கொன்றிருந்தார்கள். வியட்நாமிலிருந்து பிணங்கள் வந்துகொண்டிருந்தன. அந்தப் போரை நடத்திய அரசின் துணை அதிபரே அவர்தான். எழவு வீட்டு வாசலில் நின்று மகிழ்ச்சி என்றால் யாருக்குப் பொறுக்கும்? செப்டம்பர் கடைசியில், குண்டுவீச்சை நிறுத்தத் தயார் என்று பேசினார். அதற்குப் பிறகு கிடுகிடுவென்று மேலே வந்து, ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் நிக்சனிடம் தோற்றார். ஜனங்களை வதைத்த விஷயத்தை அவர் வாய்திறந்து பேசியபோதுதான் அவர்கள் அவர் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ரூஸ்வெல்ட்டும் கஷ்ட காலத்தில்தானே சிரித்தார் என்பாய். எனக்குத் தெரியும், நீ இந்த இடத்தில் மடக்குவாய். நானும் இதில்தான் மூன்று நாள் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று, அந்தக் கஷ்டம் அவர் ஆட்சியில் வந்ததில்லை. அதைவிட முக்கியம், 39 வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால் இரண்டும் போனவர் அவர். எவ்வளவு முடியாமல் இருந்தார் என்பதை மறைத்துத்தான் வைத்தார், ஆனால் நோய் வந்தது எல்லோருக்கும் தெரியும். விழுந்து எழுந்தவன் சிரிக்கிற சிரிப்பில் ஒரு தைரியம் இருக்கிறது, அது பார்ப்பவனுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

ஜெர்மனியில் ஆட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட லாஷெட் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே 2021 ஜூலையில் வெள்ளம் வந்து 180க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். வெள்ளம் பாதித்த ஊரில் நாட்டின் அதிபர் இரங்கல் பேசிக்கொண்டிருக்க, பின்னால் நின்ற இவர் யாருடனோ பேசிச் சிரித்தது கேமராவில் பதிந்துவிட்டது. மன்னிப்பும் கேட்டார். செப்டம்பரில் அவருடைய அணிக்கு 24.1 சதவீதம், அதுவரை அவர்கள் காணாத வீழ்ச்சி. சிரிப்பு ஒன்றாலேயே தோற்றார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே முன்னால் வந்த ஷோல்ஸ் முகத்தில் எதையும் காட்டாதவர். அவருக்கு முன் 16 ஆண்டு ஆண்ட மெர்கலும் சிரித்து மயக்கியவர் இல்லை.

பொய்ச்சிரிப்பு என்னவோ நிச்சயம் ஆபத்து. டூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே எழுதிவைத்திருக்கிறார்: உதட்டை இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை மனசு சொன்னால்தான் கேட்கும். பிரிட்டனில் பிரதமராக இருந்த கார்டன் பிரவுன் 2009இல் எம்.பி.க்களின் செலவுக் கணக்கைப் பற்றி ஒரு வீடியோவில் பேசினார். பேச்சுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் புன்னகை வந்து வந்து போனது. ஊரே கேலி செய்தது. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. உன்னை அந்த நிலையில் நான் பார்க்க வேண்டாம்.

இனி உன் அண்ணன் விஷயம். இதை எழுதத்தான் ஏழு வாரம் பிடித்தது.

நார்வேயில் போன்டவிக் என்று ஒரு பிரதமர். 1998இல், பதவியில் இருக்கும்போதே, மனச்சோர்வு வந்திருக்கிறது, ஓய்வு வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் சில வாரம் விடுப்பில் போனார். காய்ச்சல், இடுப்பு வலி என்று எதையாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. திரும்பி வந்து ஆண்டார். இடையில் ஆட்சி போனாலும் 2001இல் மறுபடி பிரதமரானார். அமெரிக்காவில் ஈகிள்டன் என்பவர், மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர் என்று தெரிந்ததும் 1972இல் துணை அதிபர் வேட்பாளர் இடத்தை 18 நாளில் இழந்தார். ஆனால் அவருடைய சொந்த மாநிலத்து மக்கள் 1974லும் 1980லும் அவரையே செனட்டுக்கு அனுப்பினார்கள். பயந்தது கட்சிக்காரர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் பயப்படவில்லை.

உன் வார்டில் உன்னைப் பக்கத்தில் பார்க்காதவர்கள் எத்தனை பேர்? அண்ணன் போனதும் தெரியும், பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே தண்ணீர்க்குழாய்க்காக நீ அலுவலகப் படியேறியதும் தெரியும். நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று அவர்கள் கேட்கவில்லையடி. அவர்கள் பேச்சைக் கேட்க உன்னிடம் இன்னும் தெம்பு இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தெம்பு இல்லையென்றால் எனக்குச் சொல், நிற்காதே, ஒருவரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள். இருக்கிறதென்றால் அழுகை வந்தால் அழு, சிரிப்பு வந்தால் சிரி. அந்தப் பையன்களையும் கோபித்துக்கொள்ளாதே. உன் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள்.

நீ அனுப்பிய மூன்று படங்களையும் அம்மாவிடம் காட்டினேன். சிரிக்கும் படத்தைப் பார்த்து "இது யாரு?" என்று கேட்டாள். கைகூப்பி நிற்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் யாரோ ஒரு பாட்டி உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, நீ தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். உதட்டில் சிரிப்பு இல்லை, கண்ணோரத்தில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. அதை எடுத்துப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். வேட்பாளர் கேமராவைப் பார்க்காத படத்தை எப்படிப் போடுவது என்று பையன்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அந்தப் படத்தை என்னால் திருப்பி அனுப்ப முடியாது. அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுவிட்டாள். நீ வேறு பிரதி எடுத்துக்கொள்.

உன்
பழைய அறைத்தோழி