துறைமுகங்களின் வரலாற்றைக் கல்லும் செம்பும் சொல்லட்டும்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். இடைக்காலக் கடல் வணிகத்தை நாம் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறை குறித்து, வகுப்பில் அதை நடத்துபவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். மிளகும் முத்தும் துணியும் போயின, குதிரையும் பட்டும் கற்பூரமும் வந்தன என்று ஒரு பட்டியல். அடுத்து, முதலாம் இராசேந்திரன் 1025-இல் மலாய்த் தீபகற்பத்துக் கடாரம் கொண்ட செய்தி. பெரும்பாலும் அத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது. வேறு மொழி பேசி வேறு தெய்வத்தை வணங்கும் முன்பின் அறியாதவர்களை நம்பி, ஒரு வணிகன் தன் முதல் முழுவதையும் எந்தத் துணிச்சலில் அவர்கள் கரையில் இறக்கினான் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. அந்த நம்பிக்கைக்கான ஏற்பாடுகளே ஒரு கடற்கரையைத் துறைமுகமாக்கின என்பது என் கருத்து. அவற்றின் சான்றுகள் கல்லிலும் செம்பிலும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

கப்பல் உடைந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45-இல் பொறித்த அபய சாசனம், அதாவது வணிகருக்குப் பாதுகாப்பு உறுதி தரும் கல்வெட்டு, இதை ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கலங்களிலிருந்த பொன், யானை, குதிரை, மணி அனைத்தையும் முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று ஒப்புக்கொள்ளும் அச்சாசனம், செல்வத்தை உயிரினும் பெரிதாக எண்ணிக் கடல் கடந்து வருவோரிடம் வரையறுத்த சுங்கம் தவிர வேறொன்றும் கொள்வதில்லை என்று உறுதி தருகிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில், இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகு 12-ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த கல்வெட்டு இதனினும் நுணுக்கமானது. ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறைக்கு) வரும் பரதேசிகளை, அதாவது அயல்நாட்டாரை, காக்கவேண்டும் என்று கூறிவிட்டு, யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் கெட்டால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு (அரசுக் கருவூலத்துக்கு), மூன்று கூறு உடையவனுக்கு என்றும், மற்றச் சரக்குகளைக் கொண்டுவரும் கலம் கெட்டால் சரிபாதி என்றும் அது வகுக்கிறது. போருக்கு வேண்டிய விலங்குகளை ஏற்றிவருபவனுக்கு மட்டும் ஏன் இந்தக் கூடுதல் சலுகை என்று கேட்டால், பத்தாம் வகுப்பு மாணவர் எவரும் விடை சொல்லிவிடுவார். சிங்கள நாட்டு அரசனின் ஆணை தமிழில் இருப்பது, அந்தத் துறைக்கு யாரெல்லாம் வந்துபோனார்கள் என்பதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

விதி வகுத்தவர்கள் அரசர்கள் மட்டுமல்லர். கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்திராவின் மேற்குக் கரையில், பாருசுத் துறையை அடுத்த லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே கூடி எடுத்த முடிவு அதில் பதிவாகியிருக்கிறது. துறைக்கு வரும் கப்பலின் தலைவனும் உடன்வந்தோரும், கத்தூரியின் விலையை ஒட்டிக் கணக்கிட்ட பொன்னைச் செலுத்திய பிறகே விரித்திருக்கும் பாவாடையில் (நடைவிரிப்பில்) ஏறவேண்டும் என்பது அந்த முடிவு. வங்கக் கடலுக்கு அப்பால், தமிழ்ப் படை எதுவும் காவல் நிற்காத ஓர் ஊரில், வணிகர்கள் தாமே தீர்வை விதித்து, தாமே அதைக் கல்லில் வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கடாரப் படையெடுப்பைப் பற்றி எழுதும் அளவுக்கு இதைப் பற்றியும் எழுதலாம் என்பது என் எண்ணம்.

கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு 849-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் அங்குள்ள கிறித்தவப் பள்ளிக்கு (தேவாலயத்துக்கு) உரிமைகள் வழங்கிய அந்த ஆவணத்தில், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் என்னும் இரு வணிகக் குழுவினரும் இடம்பெறுகின்றனர். வட்டெழுத்தில் அமைந்த அச்செப்பேட்டில் சாட்சிகளின் கையொப்பங்கள் அரபு எழுத்திலும், பழைய பாரசீக எழுத்தான பகலவியிலும், எபிரேய எழுத்திலும் உள்ளன. முசுலிம்களும் பாரசீகரும் யூதர்களும் ஒரு கிறித்தவப் பள்ளியின் உரிமைக்குச் சாட்சி நின்ற அந்த ஏட்டின் படத்தை முழுப் பக்கத்தில் அச்சிடுங்கள். கீழே விளக்கம் நான்கு வரி போதும்.

இவ்வாறு சொல்வதால், துறைமுகங்களெல்லாம் சமரசத்தின் திருக்கோயில்களாக இருந்தன என்று மாணவர்களை நம்பவைக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாகப்பட்டினத்தின் கதையைப் பாருங்கள். கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் தன் தந்தை பெயரால் அங்கே எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். பிற்காலத்தில் நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற 21 ஏடுகள் அதைப் பதிவுசெய்கின்றன. கொடை அளித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளிலேயே இராசராசனின் மகன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கடற்படை அனுப்பினான். 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து கேட்டுக்கொள்ள, முதலாம் குலோத்துங்கன் அந்தப் பௌத்தப் பள்ளிகளுக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். கொடை, போர், மீண்டும் சலுகை ஆகிய மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தால்தான், அரசர்கள் துறைமுகத்தை எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பது விளங்கும். இப்போது கொடை ஒரு பாடத்திலும் போர் இன்னொரு பாடத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. மூன்றாவதைத் தேடத்தான் வேண்டும்.

இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்லும் இதே வகையைச் சேர்ந்ததுதான். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த, 1409-ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில், சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. 1411-இல் அதே செங் ஹே இலங்கையில் போரிட்டு ஆட்சியாளரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றார்.

பாண்டிய நாட்டின் காயல் துறையைப் பற்றி எழுதும்போது முத்துக்கு அளிக்கும் இடத்தைக் குதிரைக்கும் அளியுங்கள். ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் வந்ததையும், பாண்டிய அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்பதையும் மார்கோ போலோ எழுதியிருக்கிறார். அந்த எண்ணை அப்படியே நம்பலாமா என்பதையும் வகுப்பில் விவாதப் பொருளாக்கலாம்.

இறுதியாக, வரைபடம். நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்குச் செல்லும் ஒற்றை அம்புக்குறிக்குப் பதிலாக, கொல்லம், காயல், நாகை, ஊராத்துறை, மோட்டுப்பள்ளி, பாருசு ஆகிய துறைகளும், மணிக்கிராமத்தாரின் காவலில் ஒரு குளம் விடப்பட்டதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த தாய்லாந்தின் தகுவாபாவும், 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளுவித்த சீனத்துச் சுவான்சோவும் ஒரே படத்தில் இடம்பெறவேண்டும். ஒவ்வொன்றின் அருகிலும் அங்கே கிடைத்த ஆவணத்தின் ஆண்டும் மொழியும் இருந்தால் நன்று. பக்கங்கள் போதவில்லை என்றால், அரசர்களின் விருதுப் பெயர்ப் பட்டியலைத் தாராளமாகச் சுருக்கிக்கொள்ளலாம். அதற்காக எந்த மாணவரும் வருந்தப்போவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்